கல்லூரியிலும் ஒரு "பெண் பார்க்கும்" படலம்!

அமெரிக்க மாணவிகளின் அக்காள்–தங்கைச் சங்கம்

அமெரிக்காவில் அலபாமா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதில் டஸ்கலூசா என்று ஓர் ஊர். அங்கே பெரிய பல்கலைக் கழகம் ஒன்று உண்டு. 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களும் மாணவிகளும் அங்கே படிக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம், வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே, 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கிவிடுகிறார்கள். பெரும்பாலோர் அப்போதுதான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவர்கள். எல்லோரும் படிக்க வந்தவர்கள்தான். ஆனால் அந்த ஒரு வாரம் யாரும் புத்தகத்தைத் தொடுவது இல்லை. வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவர்களை உட்கார வைத்துப் பார்க்கிறார்கள். பேச்சுக் கொடுக்கிறார்கள். அவர்கள் போன பிறகு, "பிடித்து இருக்கிறது", "பிடிக்கவில்லை" என்று முடிவு செய்கிறார்கள்.

பெண் பார்ப்பது போல இருக்கிறது, அல்லவா? ஆனால் இங்கே மாப்பிள்ளை கிடையாது. பார்க்கிறவர்களும் பெண்கள், பார்க்கப்படுகிறவர்களும் பெண்கள். கல்யாணமும் கிடையாது. ஒரு சங்கத்தில் சேருவதற்குத்தான் இந்தப் பாடு!

பெயர் வந்த கதை

இந்தச் சங்கத்துக்கு "சொராரிட்டி" என்று பெயர். லத்தீன் மொழியில் "சொரார்" என்றால் சகோதரி. ஒரு சங்கத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும் உடன் பிறவாத சகோதரிகள் என்பது அவர்கள் கொள்கை. புதிதாகச் சேருகிற ஒவ்வொருத்திக்கும் மூத்த மாணவி ஒருத்தியை "அக்காள்" என்று குறித்துக் கொடுத்துவிடுவார்கள்.

சங்கங்களின் பெயர்கள் நம் வாய்க்குள் நுழையாது. கப்பா ஆல்பா தீட்டா, பை பீட்டா பை, டெல்டா டெல்டா டெல்டா – இப்படி இருக்கும். எல்லாம் கிரேக்க எழுத்துக்கள். கிரேக்க நாட்டுக்கும் இந்தப் பெண்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 1776ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்கள் குறிக்கோளைக் கிரேக்க மொழியில் எழுதி, அதன் முதல் எழுத்துக்களைச் சேர்த்துச் சங்கத்துக்குப் பெயராக வைத்தார்கள். அன்று பிடித்த பழக்கம் இன்றும் விடவில்லை.

முதலில் எல்லாம் ஆண்கள் சங்கங்களாகவே இருந்தன. பெண்கள் கல்லூரிக்கு வந்ததே பிற்பாடுதான்.

இந்தியானா மாநிலத்தில் ஆஸ்பரி என்று ஒரு கல்லூரி இருந்தது. (இப்போது அது டிபா பல்கலைக் கழகம்.) 1867ஆம் ஆண்டில்தான் அங்கே பெண்களைச் சேர்த்தார்கள். அப்போது சேர்ந்தவர்களில் பெட்டி லாக் என்பவர் ஒருவர். பேராசிரியர் வீட்டுப் பெண். ஆண்கள் சங்கம் ஒன்று தன் சின்னத்தை அவருக்குக் கொடுத்து, "இதைச் சட்டையில் குத்திக் கொள். ஆனால் நீ உறுப்பினர் ஆக முடியாது" என்று சொன்னதாம். பெட்டி லாக் மறுத்துவிட்டார். "உறுப்பினராகச் சேர்த்தால் குத்திக் கொள்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம்" என்றாராம். சங்கத்தார் இந்தக் கதையை இன்றும் பெருமையாகச் சொல்லுகிறார்கள்.

1870ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பெட்டி லாக் வேறு 3 மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு, கப்பா ஆல்பா தீட்டா சங்கத்தைத் தொடங்கினார். ஆண்கள் சூழ்ந்த கல்லூரியில், நாலு பெண்கள் ஒருவருக்கு ஒருவர் துணையாக இருக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. மாணவிகள் சங்கத்தைச் "சொராரிட்டி" என்று அழைக்கும் வழக்கம் அப்போது கிடையாது. 1882ஆம் ஆண்டில், சிரக்யூஸ் பல்கலைக் கழகத்தின் லத்தீன் பேராசிரியர் பிராங்க் ஸ்மாலி என்பவர்தான் அந்தச் சொல்லைக் கொடுத்தார்.

ஆண்கள் தங்களைச் சேர்க்கவில்லை என்று தொடங்கிய சங்கங்கள் இவை. அவை பிற்பாடு யார் யாரைச் சேர்க்காமல் விட்டன என்பதை இனிப் பார்க்கலாம். அதற்கு முன், அந்த ஒரு வாரத்தில் நடப்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஒரு வாரம்

டஸ்கலூசாவில் சங்க வீடுகள் வரிசையாக இருக்கின்றன. வீடு என்றால் சாதாரண வீடு அல்ல. வெள்ளைத் தூண்கள் நிறுத்திய மாளிகை! உறுப்பினர்களில் பலர் அங்கேயே தங்குவார்கள். சாப்பாடும் அங்கேதான்.

வாரத்தின் தொடக்கத்தில், சேர விரும்புகிற பெண்கள் எல்லாச் சங்கங்களையும் பார்க்கிறார்கள். வாசலில் பழைய உறுப்பினர்கள் கூட்டமாக நின்று, கை தட்டிப் பாட்டுப் பாடி வரவேற்பார்கள். உள்ளே சில நிமிடப் பேச்சு. "எந்த ஊர்? என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்பார்கள். ஆண் பிள்ளைகள், மது, மதம், பணம், அரசியல் – இந்த ஐந்தையும் பற்றிப் பேசக் கூடாது என்று எழுதாத விதி ஒன்று உண்டு. இந்த ஐந்தையும் விட்டால் பேச என்ன மிச்சம் இருக்கும்? உடுப்பும் சிரிப்பும்தான்!

இரவில் சங்கத்தார் கூடி, யாரைத் திரும்பக் கூப்பிடுவது என்று பார்ப்பார்கள். வந்த பெண்களும் தங்களுக்குப் பிடித்த சங்கங்களை வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். இரண்டு பட்டியலையும் கம்ப்யூட்டர் ஒத்துப் பார்க்கும். மறு நாள் காலையில் பட்டியல் வரும். நேற்று பார்த்த வீடுகளில் சில வீடுகள்தான் அதில் இருக்கும். அடுத்த நாள் இன்னும் குறையும். கடைசிச் சுற்றில் ஒன்று அல்லது இரண்டு வீடுகள். சிலருக்கு ஒன்றும் இராது.

ஏன் கழித்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று சொல்லுவார்களே, அந்த மரியாதை கூட இங்கே கிடையாது. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். ஊரை விட்டு, தாய் தகப்பனை விட்டு, முதல் முதலாகத் தனியே வந்த பெண்ணுக்கு அந்த நாள் எப்படி இருக்கும்?

கடைசி நாள் திருவிழா. பல்கலைக் கழகத்தின் பெரிய விளையாட்டு அரங்கத்தில் எல்லோரும் கூடுவார்கள். ஒவ்வொரு பெண் கையிலும் ஓர் உறை. ஒரே சமயத்தில் பிரிப்பார்கள். எந்தச் சங்கம் அழைத்து இருக்கிறது என்று உள்ளே எழுதி இருக்கும். பார்த்ததும் ஒரே கூச்சல்! சிலர் அழுவார்கள். பிறகு எல்லோரும் தங்கள் புது வீட்டை நோக்கி ஓடுவார்கள்.

2021ஆம் ஆண்டில் சில பெண்கள், "இன்று நான் உடுத்தி இருப்பது இன்ன கடை உடுப்பு, காதில் இன்ன கம்மல்" என்று கைபேசியில் தங்களைத் தாங்களே படம் பிடித்து, "டிக்டாக்" மூலம் வெளியிட்டார்கள். உலகம் பூராவும் அதைப் பார்த்தது. 2023ஆம் ஆண்டில் "பாமா ரஷ்" என்று ஒரு செய்திப் படமே வந்துவிட்டது. அந்த வாரத்துக்கு உடுப்பு வாங்குவதே தனிச் செலவாகிவிட்டது.

செலவு எவ்வளவு?

பார்க்க வருவதற்கே சில நூறு டாலர் கட்ட வேண்டும். இடம் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. இடம் கிடைத்துவிட்டால் ஒவ்வொரு பருவத்துக்கும் சந்தா. சாப்பாட்டுச் செலவையும் சேர்த்து அது ஆயிரக் கணக்கான டாலர் ஆகிறது. ஆயிரம் டாலர் என்பது நம் பணத்தில் 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல். கல்லூரிச் சம்பளம் தனி. ஆகவே, ஏழை வீட்டுப் பெண்ணைச் சங்கத்தார் கழிப்பதற்கு முன், அவளே தன்னைக் கழித்துக் கொள்கிறாள்.

அப்படியானால் ஏன் சேருகிறார்கள்? 30 ஆயிரம் பேர் நடுவில் பெயர் தெரியாமல் கிடப்பதை விட, சில நூறு பேர் உள்ள ஒரு வீட்டில், நோய் நொடி என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருப்பது நல்லது என்று நினைக்கிறார்கள். அதில் தவறு இல்லை. படிப்பு முடிந்த பிறகும் உறவு விடாது. வேலை தேடிப் போகிற ஊரில், அதே சங்கத்து மூத்த பெண்மணி ஒருவர் இருப்பார். ஒரு வார்த்தை சொல்லுவார்.

தருமமும் செய்கிறார்கள். பை பீட்டா பை சங்கம், 1912ஆம் ஆண்டில் டென்னஸ்ஸி மலைப் பகுதியில், காட்லின்பர்க் என்ற ஊரில், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தது.

வாசலில் நின்ற கவர்னர்

1956ஆம் ஆண்டில் ஆதரின் லூசி என்ற கறுப்பினப் பெண் அலபாமா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். கலகம் மூண்டது. கலகம் செய்தவர்களை விட்டுவிட்டு, பல்கலைக் கழகம் லூசியை வெளியே அனுப்பிவிட்டது!

1963ஆம் ஆண்டு ஜூன் 11ந் தேதி, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் சேர வந்தார்கள். மாநில கவர்னர் ஜார்ஜ் வாலஸ் தானே வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். ஜனாதிபதி கென்னடி, படையை மத்திய அரசாங்கத்தின் கீழ் கொண்டு வந்தார். அதன் பிறகுதான் கவர்னர் வழி விட்டார். விவியன் மலோன் 1965ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

கல்லூரி வாசல் திறந்தது. சங்க வீட்டு வாசல்?

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மாணவர்களே நடத்தும் "கிரிம்சன் ஒயிட்" பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. நல்ல மார்க்கு, நல்ல குடும்பம், நல்ல பேச்சு – எல்லாம் இருந்தும், கறுப்பினப் பெண் என்பதால் ஒரு மாணவியை வெள்ளைக்காரச் சங்கங்கள் கழித்துவிட்டன என்பது செய்தி. இதைச் சொன்னவர்கள் வெளியார் அல்ல; சங்கங்களில் இருந்த வெள்ளைக்கார மாணவிகளே! "நாங்கள் சேர்க்க விரும்பினோம். படித்துவிட்டுப் போன பழைய உறுப்பினர்கள் தடுத்துவிட்டார்கள்" என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சேருவதற்குப் பழைய உறுப்பினர்களின் சிபாரிசுக் கடிதம் கேட்பது அப்போது வழக்கமாக இருந்தது. தாயோ, பாட்டியோ, அக்காளோ அதே சங்கத்தில் இருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சலுகை. பாட்டி காலத்தில் கறுப்பினப் பெண்களைக் கல்லூரியிலேயே சேர்க்கவில்லை. அப்படி இருக்க, பேத்திக்குச் சிபாரிசு செய்யப் பாட்டி எங்கே இருந்து வருவாள்? "நிறம் பார்க்கிறோம்" என்று விதியில் எழுத வேண்டியதே இல்லை. சிபாரிசும் சலுகையும் அந்த வேலையைச் செய்துவிடும். (2020ஆம் ஆண்டுக்குப் பிறகு பல சங்கங்கள் வாரிசுச் சலுகையைக் கைவிட்டன.)

செய்தி வந்ததும் பரபரப்பு உண்டாயிற்று. மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்வலம் போனார்கள். வெள்ளைக்கார மாணவிகள் பலரும் அதில் நடந்தார்கள். பல்கலைக் கழகத் தலைவராக இருந்தவர் ஜூடி பானர் என்ற பெண்மணி. பாகுபாடு இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். "மீண்டும் சேர்க்கையைத் திறவுங்கள்" என்று உத்தரவு போட்டார். சில நாட்களில் 11 கறுப்பின மாணவிகளுக்கு அழைப்புப் போயிற்று. 4 பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

மற்றவர்கள் ஏன் தயங்கினார்கள் என்று கேட்கலாம். பந்தியில் இருந்து எழுப்பிவிட்டு, ஊர் ஏசிய பிறகு திரும்பக் கூப்பிட்டால், யாருக்குத்தான் உடனே சாப்பிடத் தோன்றும்?

20 முத்துக்கள்

கறுப்பினப் பெண்கள் 1908ஆம் ஆண்டிலேயே தங்கள் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். தலைநகர் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக் கழகம் இருக்கிறது. கறுப்பினத்தவர் படிப்புக்காக 1867ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அங்கே எதெல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி முன் நின்று தொடங்கியது, ஆல்பா கப்பா ஆல்பா சங்கம். தொடங்கிய 20 பேரையும் "20 முத்துக்கள்" என்று அழைக்கிறார்கள். அதனால் முத்து அவர்களுக்கு அடையாளம். இளஞ்சிவப்பும் பச்சையும் அவர்கள் நிறம்.

1913ஆம் ஆண்டில் அதே ஹோவர்டில் டெல்டா சிக்மா தீட்டா என்ற இன்னொரு சங்கம் ஏற்பட்டது. தொடங்கியவர்கள் 22 மாணவிகள். அவர்கள் சேர்ந்து செய்த முதல் பொதுக் காரியம் என்ன தெரியுமா? அந்த ஆண்டு மார்ச் 3ந் தேதி, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வாஷிங்டனில் நடந்த பெரிய ஊர்வலத்தில் கலந்து கொண்டார்கள்! கறுப்பினப் பெண்கள் உடன் வருவதை விரும்பாதவர்களும் அந்த ஊர்வலத்தில் இருந்தார்கள். இந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை.

வெள்ளைக்காரச் சங்கங்களில் நாலு ஆண்டுகளோடு பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. இங்கே அப்படி அல்ல. வேலைக்குப் போன பிறகும், பேரன் பேத்தி எடுத்த பிறகும், ஊர் ஊராகக் கிளை வைத்துக் கூடுகிறார்கள். 1935ஆம் ஆண்டில் தொடங்கி, பல ஆண்டுகள், கோடை காலத்தில் மிஸ்ஸிஸ்ஸிப்பி மாநிலக் கிராமங்களுக்குப் போய், வைத்தியம் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கு ஆல்பா கப்பா ஆல்பா பெண்கள் அம்மை ஊசி போட்டார்கள். விண்வெளிப் பயணத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த காதரின் ஜான்சன் இந்தச் சங்கத்தவர்.

கமலா ஹாரிசும் இந்தச் சங்கத்தவர்தான்.

இவர் தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். தாத்தா பி.வி.கோபாலனின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம். ஹோவர்டில் படித்த கமலா, 1986ஆம் ஆண்டில் ஆல்பா கப்பா ஆல்பாவில் சேர்ந்தார். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், துணை ஜனாதிபதி வேட்பாளராக மேடை ஏறியபோது, தன் குடும்பம் யார் யார் என்று அவர் சொன்னார். "சித்தி" என்ற தமிழ்ச் சொல்லை அன்று உலகமே கேட்டது. அதே மூச்சில் இன்னொரு பெயரையும் குடும்பம் என்று சொன்னார். அது அவருடைய சங்கத்தின் பெயர்.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் பதவி ஏற்றபோது, சங்கத்துப் பெண்கள் பலர் தங்கள் வீடுகளில் முத்துமாலை போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்கள். 2024ஆம் ஆண்டில் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோதும் இந்தச் சங்கங்கள் அவருக்குப் பெரிய பக்கபலமாக இருந்தன. தேர்தலில் டிரம்ப் வெற்றி பெற்றார். ஆனாலும், கல்லூரியில் ஏற்பட்ட ஒரு தோழமை 38 ஆண்டுகள் கழித்து நாட்டின் தேர்தலில் வந்து நின்றது சாதாரண விஷயம் அல்ல.

மூடிவிடலாமா?

"பணக்காரர்கள் கூடிக் கொள்ளும் இடம், மூடிவிட வேண்டும்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. 2020ஆம் ஆண்டில் பல கல்லூரிகளில் மாணவர்களே இப்படிக் கிளம்பினார்கள். சிலர் சங்கத்தை விட்டு விலகினார்கள்.

ஹார்வர்டு பல்கலைக் கழகம் அதற்கு முன்பே ஒரு முயற்சி செய்து பார்த்தது. ஆண் மட்டும், பெண் மட்டும் உள்ள சங்கங்களில் சேருகிறவர்களுக்கு மாணவர் தலைவர் பதவி கிடையாது; பெரிய பரிசுகளுக்குச் சிபாரிசும் கிடையாது என்று 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. குறி வைத்தது ஆண்களின் பழைய பணக்காரக் கிளப்புகளுக்கு. அடி விழுந்ததோ பெண்களுக்கு! ஆண்கள் கிளப்புகளுக்குச் சொந்தக் கட்டிடமும் சொத்தும் இருந்தன, தாக்குப் பிடித்தன. பெண்கள் சங்கங்கள் சில மூடிக்கொண்டன. சில, ஆண்களையும் சேர்த்துக் கொண்டன. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். 2020ஆம் ஆண்டு ஜூனில் ஹார்வர்டு தன் விதியை வாபஸ் வாங்கியது.

1974ஆம் ஆண்டு முதல் அமெரிக்கச் சட்டமும் இதற்கு இடம் கொடுத்து இருக்கிறது. கல்வியில் ஆண் பெண் பேதம் கூடாது என்ற சட்டத்தில், இந்தச் சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கைக்கு மட்டும் விலக்கு உண்டு.

இன்னொரு வாசல்

அமெரிக்காவில் குடியேறிய இந்தியக் குடும்பங்களின் பெண்கள் என்ன செய்தார்கள்? அவர்களும் பெட்டி லாக் வழியிலேயே போனார்கள். 1998ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகர்ப் பல்கலைக் கழகத்தில், கப்பா பை காமா என்று தெற்காசிய மாணவிகளுக்கான சங்கம் ஒன்று ஏற்பட்டது. அதே ஆண்டில் ஹூஸ்டனில் டெல்டா பை ஒமேகா. பெயர் வைக்கும்போது மட்டும் அதே கிரேக்க எழுத்துக்கள்தான். தமிழில் வைத்து இருந்தால் எவ்வளவு அழகாக இருந்து இருக்கும்!

புதிதாகச் சேருகிறவர்களைக் கொடுமைப்படுத்தும் வழக்கம் சில சங்கங்களில் உண்டு. நம் ஊரில் ராகிங் என்பார்களே, அதுதான். அமெரிக்காவில் இதற்கு "ஹேசிங்" என்று பெயர். உயிர்ப் பலி பெரும்பாலும் ஆண்கள் சங்கங்களில். பெண்கள் சங்கங்களில் தூங்க விடாமல் செய்வதும், எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்துவதும் கேள்வி.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்படி, எந்தச் சங்கத்தில் இந்தக் கொடுமை நடந்தது என்று விசாரணையில் தெரியவந்ததோ, அந்தச் சங்கத்தின் பெயரையும் என்ன நடந்தது என்பதையும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அமெரிக்காவில் மகளைப் படிக்க வைத்து இருக்கும் குடும்பத்தார், மகள் "சங்கத்தில் சேரட்டுமா?" என்று கேட்டால், முதலில் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். அடுத்தபடியாக, முழு ஆண்டுச் சந்தா எவ்வளவு, நடுவில் விலகினால் பாக்கியைக் கட்ட வேண்டுமா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்கச் சொல்லலாம். கையெழுத்துப் போடுவது அதன் பிறகு.